ஈரத்துக்கு நாலு ஓட்டு

மாவண்ணன் கடை அடித்தளத்தில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

மாவண்ணன் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. அவர் ரொட்டிக்கடைக்காரர். தொப்பியிலும் புருவத்திலும் காது மடலிலும் எந்நேரமும் மாவு அப்பியிருக்கும். அந்த மாவு மூக்கில் ஏறி, நாலு வார்த்தைக்கு ஒரு தும்மல் போடுவார். பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் வெளுத்துப் போவார். தெரு அவருக்கு மாவண்ணன் என்று பெயர் வைத்தது. அதனால் அவர் மனைவி கேட்காமலே எல்லோருக்கும் அண்ணி ஆனாள்.

கடைக்குள் யானை படுத்தாற்போல ஒரு செங்கல் அடுப்பு. அந்த யானையைக் கீழே அடித்தளத்தில் ஒற்றைத் தூண் ஒன்று தலையில் தூக்கி நின்றது. தண்ணீர் அந்தத் தூணின் காலடியில்தான் ஊறியது. கொத்தனார் வந்து தூணை ஒரு விரலால் குத்திப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று.

"இது தூண் இல்லண்ணே, பிஸ்கட்டு. டீல முக்கின பிஸ்கட்டு."

"அடுப்பு?"

"வரும். எப்ப கீழ வரும்னு சொல்ல முடியாது. ஆனா உங்களக் கேட்டுட்டு வராது." கொத்தனார் நாலைந்து மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார். "தண்ணி நின்னாத்தான் சிமெண்டு பிடிக்கும். அதுவரைக்கும் அடுப்பப் பத்த வைக்காதீங்க. சூடு ஏறினா செங்கல் விரியும், சொல்லிட்டேன்."

அடுப்பு அணைந்தது. ரொட்டிக்கடையில் அடுப்பை அணைத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு மேசையும் ஒரு மணியும்தான். வாடிக்கையாளர்கள் இரண்டு நாள் அனுதாபப்பட்டார்கள். மூன்றாம் நாள் வேறு தெருவில் ரொட்டி வாங்கி, அதைப் பைக்குள் மறைத்துக்கொண்டு இந்தத் தெரு வழியாகப் போனார்கள். அந்த மறைப்புதான் அண்ணியின் வயிற்றை எரித்தது.

"ஏங்க, குழாய் யாரோடது?"

"வாரியத்தோடது."

"அப்ப வாரியத்துல போய்ச் சொல்லுங்க. இங்க நின்னு தண்ணிகிட்ட பேசிட்டிருந்தா அது வந்த வழியே போயிருமா?"

நிலத்தடிக் கசிவுக் கூட்டுணர்வு வாரியம் சாதாரண வாரியமல்ல. முன்பெல்லாம் குழாய் உடைந்தால் யாராவது போய்ச் சொல்வார்கள், ஆள் வந்து அடைப்பார். இதில் அறிவியல் இல்லை என்று வாரியத்துக்கு ஒரு குறை. அதனால் தெருவின் ஏழு கடைகளிலும் அடித்தளச் சுவரில் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். வறட்சி என்றால் பச்சை விளக்கு, ஈரம் என்றால் சிவப்பு. கம்பி கிடையாது. ஒரு கருவியின் குரல் தலைமையகம் வரை எட்டாது. பக்கத்துக் கடைக் கருவி அதைக் கேட்டு அடுத்த கடைக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு. இப்படிக் கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர்ந்ததும் தலைமையகம் ஓட்டு எண்ணும். ஏழில் நாலு ஈரம் என்றால் ஈரம். மூன்று என்றால் வறட்சி. ஒரு கருவிக்குப் பிரமை பிடிக்கலாம், ஏழுக்கும் சேர்ந்து பிடிக்காது என்பது தத்துவம். தத்துவத்தில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர்தான் ஒரு கடையில் மட்டும் வந்து தொலைத்தது.

வாரியத்திலிருந்து கேட்பு அலுவலர் வந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு கேட்கும் குழாய் தொங்குவதால் தெருவில் அவருக்கு ஸ்டெதாஸ்கோப் என்று பெயர். அடித்தளத்தில் இறங்கினார். தண்ணீர் அவருடைய செருப்பைத் தாண்டி முழங்காலைத் தொட்டது. சுவரில் மாவண்ணனின் கருவி சிவப்பாக விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அவர் குழாயைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"கசிவு இல்லை" என்றார்.

"ஐயா, உங்க காலு நனையுது."

"நனையுதுன்னு என் கால் சொல்லுது. என் கால் ஒரு தனி நபர்."

"அப்ப இந்தச் சிவப்பு விளக்கு?"

"கத்துது. மத்த ஆறும் அடக்கமா பச்சையில இருக்கு. வகுப்புல ஒரு பையன் மட்டும் கத்தினா வாத்தியார் என்ன நினைப்பார்?"

படிக்கட்டிலிருந்து அண்ணி கேட்டாள்: "அந்தப் பையனப் பாம்பு கடிச்சிருந்தா?"

"மத்த ஆறு பையனையும் கடிச்சிருக்கான்னு விசாரிப்பார்" என்றார் ஸ்டெதாஸ்கோப், கொஞ்சமும் தயங்காமல். பிறகு கருவியின் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில், "சக கருவிகளோட ஒத்துப் போகக் கத்துக்க" என்று புத்தி சொல்லிவிட்டு, கால்சட்டையைப் பிழிந்துகொண்டு கிளம்பினார்.

மறுநாள் மாவண்ணன் தலைமையகத்துக்கே போனார். நீளமான கூடம். கடைசியில் இயக்குநர் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுவது வாசலிலிருந்தே தெரிந்தது. வாசலுக்கும் அவருக்கும் நடுவே ஐந்து நாற்காலிகள், ஐந்து அலுவலர்கள். மாவண்ணன் "ஐயா!" என்று கூப்பிட்டுக்கொண்டே நாலு எட்டு வைத்தார். முதல் நாற்காலி கை நீட்டித் தடுத்தது.

"நேராப் பேசக் கூடாதுங்க. தனிக் குரலுக்கு வலு கிடையாது. என்கிட்ட சொல்லுங்க. நான் அவருகிட்ட சொல்வேன், அவரு அடுத்தவருகிட்ட. கூட்டாக் கொண்டு போவோம்."

"அவரு தூங்குறாரே?"

"மின்கலச் சிக்கனம். கருவிங்க முறை வச்சுத் தூங்குது, நாங்க மட்டும் முழிச்சிருந்தா அதுங்களுக்கு மனசு கஷ்டப்படும். இருங்க, எழுப்புறேன்."

அலுவலர்களில் இரண்டு வகை உண்டு என்று முதல் நாற்காலியே விளக்கினார். ஒரு வகை, காதில் விழுந்ததை அப்படியே, இன்னும் சத்தமாக, அடுத்தவருக்கு அனுப்புபவர்கள். மற்ற வகை, விழுந்ததை முதலில் புரிந்துகொண்டு பிறகு அனுப்புபவர்கள். இரண்டாவது வகைப் பணியிடங்கள் நெடுநாளாகக் காலியாக இருக்கின்றன. தகுதியானவர்கள் விண்ணப்பித்தார்கள், ஆனால் கேள்வித்தாள் அவர்களுக்குப் புரியவில்லை.

"என் கடை அடித்தளத்துல தண்ணி... ஆச்சூ!... ஊறுதுங்க" என்றார் மாவண்ணன்.

முதல் நாற்காலி மாவைத் துடைத்துக்கொண்டு அதை அப்படியே சொன்னார், தும்மலையும் விடாமல். இரண்டாமவர் தூக்கக் கலக்கத்தில் தண்ணி என்ற வார்த்தையைக் கொஞ்சம் விழுங்கி, தும்மலை ஓங்கிச் சொன்னார். மூன்றாமவரிடம் தும்மல் கூரையை அசைத்தது. நாலாமவரின் தும்மலில் ஜன்னல் சாத்திக்கொண்டது. ஐந்தாமவர் எழுந்து நின்று, மார்பை விரித்து, இயக்குநரின் காதில் போட்ட தும்மலில் மேசை மேல் இருந்த சீவல் எல்லாம் பறந்தது.

இயக்குநர் பென்சிலைக் கீழே வைத்தார். நடந்தது அத்தனையையும் அவர் கண்ணாரப் பார்த்திருந்தார். ஆனால் கண் ஒரு தனி நபர்.

"ஐந்து குரல்களில் நான்கில் தும்மல் ஓங்கி இருக்கிறது. ஒன்றில்தான் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. பெரும்பான்மைப்படி மனுதாரருக்கு ஜலதோஷம். ஆவி பிடிக்கச் சொல்லுங்கள்."

இது மாவண்ணனுக்கு அப்போதே நன்றாகக் காதில் விழுந்துவிட்டது. இருந்தாலும் முறை முறைதானே. ஐந்தாமவர் நாலாமவருக்குச் சொல்லி, நாலாமவர் மூன்றாமவருக்குச் சொல்லி, முதல் நாற்காலி வந்து காதில் கத்தும்வரை அவர் கைகட்டி நின்றார். திரும்பி வந்தபோது ஒரு காது அடைத்திருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"ஆவி பிடிக்கணுமாம்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு மாவு மேசையை ஒரு துணியால் தட்டினாள். மேசை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் எதிர்க்கடைத் தையல்காரர் தெருவில் ஒரு கூட்டம் போட்டார். ஆறு கடைக்காரர்களும் வந்தார்கள். தையல்காரர் சாக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு பேசினார்:

"மாவண்ணே, நாலு ஓட்டுதான வேணும்? உன்னோடது ஒண்ணு இருக்கு. நாங்க மூணு பேரு எங்க கருவிய நனைச்சா முடிஞ்சுது கதை."

"அது பொய்யில்ல?" என்று இழுத்தார் மாவண்ணன்.

"நாங்க எங்கப்பா பேசப் போறோம்? கருவிதான் பேசப் போகுது."

சலவைக்கடை அக்கா எழுந்தாள். "ஈரத்துணிக்கு எங்கடையில பஞ்சமா? நான் ஒண்ணு."

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "நான் மருத்துவன். தப்புத்தண்டாவுக்கெல்லாம் வர மாட்டேன்." எல்லோரும் அவரையே பார்த்தார்கள். "வேணும்னா அதுக்கு வாய் கொப்பளிக்கக் கொஞ்சம் தண்ணி குடுக்கறேன்."

மூன்று ஓட்டு சேர்ந்தது. ஆனால் மற்ற மூன்று பேரும் வீட்டுக்குப் போனதும் யோசித்தார்கள். டாக்டர் கடைசி நேரத்தில் கழன்றுகொள்வார், தையல்காரர் எதையும் சொன்ன தேதியில் முடித்ததில்லை, நாமும் ஒரு கை கொடுப்போம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்தார்கள். பொழுது விடிந்தபோது ஆறு கருவிகளும் சொட்டச் சொட்ட நனைந்து சிவப்பாக அலறிக்கொண்டிருந்தன. வாரியம் தொடங்கியதிலிருந்து அந்தத் தெரு இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

மாவண்ணனின் கருவியில் மட்டும் விளக்கே இல்லை. தண்ணீர் ஏறி அதை மூழ்கடித்திருந்தது. அது செத்துப் போயிருந்தது.

வாரியத்தின் வண்டி சங்கு ஊதிக்கொண்டு வந்தது. இயக்குநர் இறங்கினார், ஸ்டெதாஸ்கோப் இறங்கினார், ஐந்து நாற்காலிக்காரர்களும் இறங்கினார்கள். அதில் இரண்டு பேரைத் தூக்கத்திலேயே இறக்கினார்கள். முதல் வேலையாகத் தெரு முனையில் இருந்த பெரிய வால்வை மூடினார்கள். பிறகு ஈரம் என்று சொன்ன ஆறு கடைகளின் முன்னால் ஆறு குழி தோண்டினார்கள்.

"ஐயா, என் கடை முன்னாடிதான் தோண்டணும்!" என்று ஓடி வந்தார் மாவண்ணன்.

"உங்கள் கருவி ஒன்றும் சொல்லவில்லையே."

"அது செத்துப் போச்சுங்க!"

"அமைதியாக இருக்கிறது. அமைதி என்றால் எங்கள் கணக்கில் வறட்சி" என்றார் இயக்குநர். "முன்பு கத்திக்கொண்டிருந்ததாமே? இப்போது பக்குவப்பட்டிருக்கிறது."

ஆறு குழியிலும் மண் பொரிகடலை மாதிரி உலர்ந்திருந்தது. வால்வை மூடியதால் மாவண்ணனின் அடித்தளத்தில் ஊற்றும் நின்றது. அவரும் அண்ணியும் வாளி வாளியாக இறைத்துத் தரையைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் மகிழ முடியவில்லை. வால்வைத் திறந்த மறுகணம் பழையபடி ஊறும். தெருவே குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கையில் வால்வைத் திறக்காதே என்று எந்த வாயால் சொல்வது?

வாரியத்துக்கும் சங்கடம்தான். ஆறு ஓட்டு விழுந்திருக்கிறது, ஆறு குழி வெட்டியிருக்கிறது, ஒரு சொட்டு இல்லை. இயக்குநர் ஒரு குழியின் விளிம்பில் நின்று நெடுநேரம் சிந்தித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"நண்பர்களே! பெரும்பான்மை தவறலாம் என்பதை இந்த வாரியம் ஒருநாளும் மறுத்ததில்லை, சொல்லவும் இல்லை. ஆறு கருவிகள் ஈரம் என்று கூச்சலிட்டன. ஒரே ஒரு கருவி மட்டும், கூட்டத்தோடு சேராமல், வறட்சி என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றது. மண்ணைப் பாருங்கள்! யார் சொன்னது சரி? இன்றுமுதல் அந்தக் கருவியே இத்தெருவின் முதன்மைக் கருவி. அதன் ஒரு ஓட்டு மற்ற ஆறுக்கும் மேல். அதற்கு ஒரு கேடயமும் உண்டு."

"செத்ததுக்கா?" என்றாள் சலவைக்கடை அக்கா.

"உயிரோட இருக்கறவங்க யாரு வாரியத்துல பேரு வாங்கியிருக்காங்க" என்றார் தையல்காரர்.

கருவியைக் காயவைத்து, புது மின்கலம் போட்டார்கள். பச்சை விளக்கு எரிந்தது. கனமான பித்தளைக் கேடயம் செய்து வந்தது. அதில் "தனித்து நின்று ஒத்துழைத்தமைக்காக" என்று பொறித்திருந்தது. கருவியைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கடையின் நெற்றியில், பெயர்ப்பலகைக்கு மேலே மாட்டுவதாகத் திட்டம். அங்கே மாட்டினால் ஊரே மூழ்கினாலும் அதற்கு ஈரம் தெரியாது. மாவண்ணனுக்கு அதிகாரிகளை எதிர்த்துப் பேச வராது. அண்ணிக்கும் வராது; ஆனால் புகழ்ந்து பேச நன்றாக வரும்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. பேரெடுத்த பிள்ளைய வாசல்ல நிக்க வைக்கலாமா? அது உழைச்ச இடம் அடித்தளம். அங்கயே மாலை மரியாதையோட மாட்டுங்க. நீங்களும் அங்க வந்து நாலு வார்த்தை பேசுங்க. உங்க குரலுக்கு அந்த இடம் கணீர்னு எதிரொலிக்கும்."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. விழா அடித்தளத்துக்கு இறங்கியது.

கொத்தனாரின் மரக்கட்டைகளுக்கு இடையே இயக்குநர் நின்றார். கருவியைப் பழைய ஆணியிலேயே, முழங்கால் உயரத்தில் மாட்டினார்கள். கேடயத்தை மாவண்ணன் வாங்கிக்கொண்டார். தெரு முனையில் வால்வைத் திறந்தார்கள். இயக்குநர் பேச்சைத் தொடங்கினார்.

"கசிவு என்பது என்ன? அது ஒரு கருத்து..."

தூணின் அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. அடைத்து வைத்திருந்த நீருக்கு வேகம் அதிகம். இயக்குநரின் செருப்பு மிதந்து படிக்கட்டுப் பக்கம் போயிற்று. அவர் அதைப் பார்த்தார். பார்வையை எடுத்துப் பேச்சில் வைத்தார்.

"...கருத்துகள் வரும், போகும். முதன்மைக் கருவி பச்சையில் இருக்கும்வரை..."

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. ஸ்டெதாஸ்கோப் ஒரு காலைத் தூக்கிக் கொக்கு மாதிரி நின்றார். மரக்கட்டை ஒன்று 'கிறீச்' என்றது. தூணிலிருந்து ஒரு செங்கல் நழுவித் தண்ணீரில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அங்கே மாவண்ணனுக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும்: தலைக்கு மேலே யானை புரண்டு படுக்கிறது.

"ஐயா, மேல வாங்க! அடுப்பு விழப் போகுது! குழியத் தோண்டச் சொல்லுங்க!"

"பதற்றம் வேண்டாம். கருவி சொல்லட்டும்."

கருவிக்கும் தண்ணீருக்கும் இன்னும் ஒரு சாண் இருந்தது. இன்னொரு செங்கல் விழுந்தது. மாவண்ணன் வாழ்நாளில் எந்த அதிகாரியின் முன்னாலும் தொப்பியைக் கழற்றியதில்லை. கழற்றினால் மாவு கொட்டும் என்பதுதான் காரணம். இப்போது கழற்றினார். குனிந்து ஒரு தொப்பித் தண்ணீரை அள்ளி, முதன்மைக் கருவியின் முகத்தில் பளாரென்று அடித்தார்.

சிவப்பு.

"கசிவு!" என்று அலறினார் இயக்குநர். "ஐயையோ, தண்ணீர்! என் கால் நனைகிறது! யாரும் சொல்லவில்லையே!" ஐந்து நாற்காலிக்காரர்களும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே படியேறி ஓடினார்கள். வால்வு மூடப்பட்டது. மாவண்ணன் கடை முன்னால் குழி தோண்டினார்கள். நாலு மண்வெட்டி ஆழத்தில், குழாய் வாய் பிளந்து சிரித்தது. அடைத்தார்கள்.

தண்ணீர் நின்றதும் சிமெண்டு பிடித்தது. கொத்தனார் புதுத் தூணை விரலால் குத்தி, விரலை உதறிக்கொண்டு, "இப்ப பத்த வைங்க" என்றார். அடுப்பில் தீ ஏறிய அன்று தெருவே வாசனை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. வேறு தெரு ரொட்டியோடு வந்த இரண்டு பேர் அதை வரிசையிலேயே தின்று தீர்த்துவிட்டு நின்றார்கள்.

அடுத்த வாரம் ஸ்டெதாஸ்கோப் வந்தார். முகத்தில் கடமை இருந்தது.

"அந்தக் கேடயத்தத் திருப்பிக் குடுக்கணுங்க. வறட்சின்னு சொன்னதுக்குத்தான் அது குடுத்தது. கருவி அப்புறம் ஈரம்னு சொல்லிருச்சு. பேச்சு மாறின கருவிக்கு வாரியம் மரியாதை செய்ய முடியாது."

"எடுத்துக்கிட்டுப் போங்க, எங்களுக்கு எதுக்கு?" என்றாள் அண்ணி, மாவைப் பிசைந்துகொண்டே. "ஆனா அடுப்புக் கதவு ஒழுங்கா மூடலைன்னு அதத்தான் முட்டுக் குடுத்து வச்சிருக்கோம். பித்தளை பாருங்க, செக்கச் செவேல்னு காஞ்சிருக்கும். அடுப்பு ஆறட்டும், தாராளமா எடுத்துக்குங்க."

"எப்ப ஆறும்?"

"இருங்க, உக்காருங்க" என்று ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார் மாவண்ணன்.

நல்ல ரொட்டிக்கடை அடுப்பு ஆறுவதில்லை. ஒரு தட்டு வெளியே வந்தால் அடுத்த தட்டு உள்ளே போகும். ஸ்டெதாஸ்கோப் அந்த முக்காலியில்தான் இருக்கிறார். நடுவில் அவருக்குப் பணி ஓய்வு வந்ததாகவும், வாரியம் பிரிவுபசார மாலையை அங்கேயே கொண்டுவந்து போட்டதாகவும் சொல்கிறார்கள். ஆள் முன்னைக்கு இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறார்.